வேப்பமரத்தடியில் உட்காரும் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளி விளையாட்டு பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு உடற்கல்விப் பாடவேளைகள் உள்ளன. ஒன்றைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். மற்றொன்றில் பள்ளி அணி மாணவிகள் வாலிபால் ஆட, என் மகளும் அவளைப் போன்ற முப்பது பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆடுபவர்களின் கைக்கடிகாரங்களுக்குக் காவல் இருக்கிறார்கள். தலைமையாசிரியரைப் பார்த்துக் கேட்டேன். “உங்கள் பெண்ணுக்கு விளையாட்டு வராதே அம்மா, அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு வேறு இருக்கிறது” என்றார். மகளும் “எனக்கு வராதும்மா, விடுங்க” என்கிறாள். விளையாட்டு வராத பிள்ளைக்காக இந்தப் பாடவேளையைக் கேட்டு வாதாடுவது சரிதானா?

ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

சரிதான். மற்ற பெற்றோரைக் காட்டிலும் வாதாடும் உரிமை உங்களுக்கே அதிகம். ஓடியாடும் பிள்ளைக்குத் தெருவிலோ, அண்ணன் தம்பிகளோடோ, காலை நேர அணிப் பயிற்சியிலோ வேண்டியது கிடைத்துவிடுகிறது. உங்கள் மகளுக்கு அந்த நாற்பது நிமிடத்தை விட்டால் வேறு இடமில்லை. கணக்கு வராத பிள்ளையை மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, வருகிற பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் நடத்தும் ஆசிரியரை எந்தத் தலைமையாசிரியரும் பொறுத்துக்கொள்ள மாட்டார். உடற்கல்வியில் மட்டும் அதுவே வழக்கமாகிவிட்டது.

உடற்கல்வி ஆசிரியராக 28 ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் ‘வராது’ என்ற அந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டும். என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த மாணவி ஒருத்தி பந்தை எறிந்தால் நாலடி தள்ளி விழும், வகுப்பே சிரிக்கும். ஒருநாள் நான் பந்தைப் பார்க்காமல் அவளுடைய கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வலக்கையால் எறியும்போது வலக்காலையே முன்னால் வைத்தாள். அப்படி வைத்தால் இடுப்பு திரும்பாது, தோளும் திரும்பாது. வெறும் முழங்கை வலுவில் பந்து எவ்வளவு தூரம் போகும்? சுண்ணாம்புப் பொடியால் தரையில் இரண்டு பாதங்களை வரைந்து, வலக்காலைப் பின்பாதத்தின் மேல் வைத்துப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, எறியும் நேரத்தில் இடக்காலை எடுத்து முன்பாதத்தின் மேல் வைக்கச் சொன்னேன். முதல் நாள் கால் சரியாகப் போனால் கை மறந்துபோயிற்று. மூன்றாவது பாடவேளையில் பந்து சுற்றுச்சுவரில் போய் மோதியது. அவள் குறுவட்டப் போட்டிக்குக்கூடப் போனதில்லை. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் எறிபந்துக்குத் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றாள். அதுவரை அவளுக்கு யாரும் எறியக் கற்றுக்கொடுத்ததில்லை என்பதுதான் உண்மை; எட்டாம் வகுப்பு வரை அதற்கு ‘வராது’ என்று பெயர் வைத்திருந்தோம்.

பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வதற்கும் இதுவே வேர். மைதானத்தில் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நாங்கள் நிழலில் நின்றால், அங்கே பாடம் ஒன்று நடக்கிறது என்று யார் நம்புவார்கள்? நானும் கொடுத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பின் பாடவேளைகளைக் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் கேட்டவருக்கெல்லாம் விட்டுக்கொடுத்து, அந்த நேரத்தில் அணிக்குப் பயிற்சி கொடுத்தேன். கோப்பை வந்தால் பள்ளி என்னைப் பாராட்டியது; பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டின் மீதி நாட்கள் முழுக்க ஓடாமல் இருந்ததை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்றும் எனக்கு உண்டு.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லி முடித்துவிடவும் கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விளையாட்டு மைதானத்தையும், நூறு மாணவர்களுக்கு மேல் படிக்கும் நடுநிலை வகுப்புகளுக்கு உடற்கல்விக்கெனப் பகுதிநேர ஆசிரியரையும் கேட்கிறது. ஆனால் அது எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள். தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், தையல், உடற்கல்வி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் சேர்க்கப்பட்டார்கள். அப்படிப் பகுதிநேரப் பணியில் இருக்கும் ஒருவர், பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டைக் கையில் வைத்திருக்கும் கணக்கு ஆசிரியரிடம் ‘என் வகுப்பைத் தர முடியாது’ என்று எந்தத் துணிவில் சொல்வார்?

அமெரிக்காவிலிருந்து வந்த உடற்கல்வியாளர் ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. வீரர்களின் அருமை தெரிந்த அந்த மனிதர் இங்கே உருவாக்க முனைந்தது பள்ளிக்கூடங்களுக்கான ஆசிரியர்களை என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

உங்கள் மகளின் வயது இதற்கு முக்கியம். உடல் மிக வேகமாக வளரும் இரண்டு ஆண்டுகளில் மட்டும், பெரியவர்களின் எலும்பில் இருக்கும் தாதுச் சத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு சேர்கிறது. குதிப்பதும் ஓடுவதும் அந்தச் சேர்மானத்துக்குத் துணை நிற்கின்றன. அந்த ஆண்டுகள் பெண்களுக்குப் பெரும்பாலும் ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே வந்துவிட்டாலும் எலும்பு உறுதிப்படுவது அதற்குப் பிறகும் தொடர்கிறது. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளில் 85 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. ஆண்பிள்ளைகளில் அது 78. வாரத்துக்கு இரண்டு பாடவேளை இதை ஈடுகட்டிவிடாதுதான். ஆனாலும் ஓடவும் எறியவும் அங்கே கற்றுக்கொண்ட பிள்ளைதான் மாலையில் தெருவில் இறங்கி ஆடத் துணிவாள்.

அடுத்தமுறை தலைமையாசிரியரைப் பார்க்கும்போது ‘பாடவேளையைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். இந்த மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு உடற்கல்வியில் என்ன கற்றுக்கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். முடிந்தால் நாலைந்து பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். பந்து இல்லை என்பார்கள். பழைய துணியை இறுகச் சுருட்டி, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மேலே மாட்டினால் பந்து ஆயிற்று. ஒரு வாலிபாலைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் ஆடும் இடத்தில், இருபது துணிப்பந்துகள் இருந்தால் நாற்பது பேர் இரண்டிரண்டு பேராக நின்று எறிந்து பிடிக்கலாம். அந்தப் பந்துகளைச் செய்துகொடுக்க நாங்கள் வருகிறோம் என்று சொல்லுங்கள். உடற்கல்வி ஆசிரியரையும் தனியே பார்த்துப் பேசுங்கள். அவரை மதித்து ஒரு பெற்றோர் தேடிப் போவது அநேகமாக அதுவே முதல் முறையாக இருக்கும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு ரப்பர் பந்து வாங்குங்கள். வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி, சாக்கட்டியால் இரண்டு பாதங்களை வரையுங்கள். மகள் இடக்கைப் பழக்கம் உள்ளவளாக இருந்தால் பாதங்களை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் எறியுங்கள்.

அன்புடன்.