கையில் வாளைக் கொடுத்தால் வெட்டத்தான் பார்ப்பார்கள்

கேள்வி: தனியாளாக ஒரு 2டி கேம் செய்துகொண்டிருக்கிறேன். காவலர்கள் கண்ணில் படாமல் ஒரு கோட்டைக்குள் பதுங்கிப் பதுங்கி நகர்வதுதான் ஆட்டம். ஆரம்பம் விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று, கதாநாயகி வாளோடு ஐந்து காவலர்களை வீழ்த்தித் தப்பிக்கும் சண்டையை முதல் லெவலாக வைத்தேன். அதற்கு முன் மூன்று நிமிடக் கதை. விளையாடிப் பார்த்த நண்பர்கள் சண்டையைப் பாராட்டினார்கள். ஆனால் இரண்டாவது லெவலில் "அநியாயத்துக்குக் கஷ்டம்" என்று எழுந்துவிட்டார்கள். இரண்டாவது லெவலை எளிதாக்கட்டுமா?

பதில்: அதைத் தொடாதீர்கள். கோளாறு முதல் லெவலில் இருக்கிறது.

உங்கள் நண்பர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். முதல் லெவலில் வாளை வீசினார்கள், காவலர்கள் விழுந்தார்கள், கதவு திறந்தது. இந்த கேமில் வெட்டினால் ஜெயிக்கலாம் என்று நீங்களே சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். அடுத்த லெவலிலும் அதையே செய்தார்கள், செத்தார்கள். "பதுங்கிச் செல்லவும்" என்று திரையில் எழுதியிருப்பீர்கள். அதை யாரும் நம்ப மாட்டார்கள். திரையில் படித்ததைவிடத் தன் கை செய்து பலித்ததைத்தான் ஆட்டக்காரர் நம்புவார்.

பழைய கேம்கள் இதில் கில்லாடிகள். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மாரியோ திரையின் இடது ஓரத்தில் நிற்பார், வலது பக்கம் காலியாகக் கிடக்கும். ஒரு வார்த்தை சொல்லாமலே எந்தப் பக்கம் போக வேண்டும் என்று புரிந்துவிடும். அடுத்த ஆண்டு வந்த மெட்ராய்ட் அதே பழக்கத்தை வைத்தே விளையாடியது. வலது பக்கம் போனால் கொஞ்ச தூரத்தில் குனிந்தாலும் நுழைய முடியாத ஒரு தாழ்ந்த வழி. உருண்டையாக மாறும் சக்தி தொடங்கிய இடத்துக்கு இடது பக்கத்தில் இருக்கும். திரும்பி வந்து அதை எடுத்தவருக்கு ஒன்று உறைத்துவிடும்: இது நேராக ஓடுகிற ஆட்டமில்லை, வந்த வழியே திரும்பிப் போய்த் தேட வேண்டிய ஆட்டம். மெட்ராய்ட் முழுக்கவே அப்படித்தான்.

உங்கள் கேமுக்கு நெருக்கமான உதாரணம் 2011-இல் வந்த டார்க் சோல்ஸ். கையில் ஒடிந்த வாள், எதிரே மலை மாதிரி ஒரு பூதம். எவ்வளவு அடித்தாலும் அதன் உயிர்க்கோடு, அதாவது மிச்சமிருக்கும் உயிரைத் திரையில் காட்டும் கோடு, பெரிதாகக் குறையாது. இடது பக்கம் ஒரு வாசல் இருக்கும். அதில் ஓடிப் போய், உருப்படியான ஆயுதத்தோடு மேலேயிருந்து அதன் தலையில் குதிக்கலாம். முட்டி மோதாதே, சுற்றிலும் பார், தயாராகி வா என்கிற பாடம் அந்தச் சில நிமிடங்களிலேயே கிடைத்துவிடுகிறது.

ஆகவே உங்கள் ஐந்து காவலர்களையும் வைத்துக்கொள்ளுங்கள், வாளை மட்டும் பிடுங்கிவிடுங்கள். முதல் காட்சியில் முதுகைக் காட்டி நிற்கும் ஒரே ஒரு காவலர், அவர் இடுப்பில் சாவி. மெல்ல நடந்து போய் எடுக்க வேண்டும். ஆட்டக்காரரின் முதல் வெற்றி, யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்பதாக இருக்கட்டும். அப்புறம் ஒரு சத்தம், ஐந்து பேரும் வருகிறார்கள், ஓட்டம். விறுவிறுப்பு உங்களுக்குக் கிடைத்துவிடும், பொய் சொன்ன பாவமும் இல்லை.

வாளை விட மனமில்லை என்றால் அதைத் தோற்கச் செய்யுங்கள். ஆனால் ஜெயிக்கவே முடியாத சண்டையில் ஆட்டக்காரரைப் பத்து நிமிடம் போராட விடாதீர்கள், எரிச்சல்தான் மிஞ்சும். 1993-இல் வந்த மெகா மேன் எக்ஸில் முதல் கட்டத்தின் இறுதியில் வருகிற எதிரியை வெல்ல முடியாது. சட்டென்று இன்னொருவர் வந்து காப்பாற்றி, நீயும் ஒருநாள் இந்த அளவுக்கு வளரலாம் என்கிற மாதிரி பேசுவார். தோல்வி அங்கே வாக்குறுதியாகிவிடுகிறது.

சின்னச் சின்ன விஷயங்களும் பேசும். திரை மூலையில் பெரிய உயிர்க்கோடு இருந்தால் "அடி வாங்கலாம், தாங்குவாய்" என்று அர்த்தம். உங்கள் கேமில் ஓர் அடியிலேயே சாவு என்றால் அந்தக் கோடு எதற்கு? மெனுவைக்கூட விடாதீர்கள். 2021-இல் வந்த இன்ஸ்கிரிப்ஷனில் முதல் தடவை திறக்கும்போதே "புதிய ஆட்டம்" பட்டன் வேலை செய்யாது, "தொடர்க" மட்டும்தான். ஏதோ சரியில்லையே என்கிற நெருடல் அங்கேயே ஆரம்பிக்கிறது.

வேண்டுமென்றே ஏமாற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஏமாற்றலாம், அதுதான் உங்கள் கேமின் சுபாவம் என்றால். 2015-இல் வந்த அண்டர்டேலில் சிரித்த முகத்தோடு ஒரு பூ வந்து, நட்புத் துகள்கள், பிடித்துக்கொள் என்று தரும். பிடித்தால் உயிர் போய்விடும் போலாகும். யாரை நம்புவது, யாரை அடிப்பது என்கிற கேள்வி அந்த கேமில் கடைசிவரை கூடவே வரும் என்பதால் அந்த ஏமாற்று பொருந்துகிறது. உங்களுடையது தெரியாமல் நடந்தது.

மூன்று நிமிடக் கதையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: வெட்டுங்கள். மெதுவான ஆரம்பம் தப்பில்லை. 1998-இன் ஹாஃப்-லைஃப் ஒரு நீண்ட ரயில் பயணத்தோடுதான் தொடங்குகிறது, ஆனால் அங்கே பெட்டிக்குள் நடக்கலாம், வேண்டிய பக்கம் திரும்பிப் பார்க்கலாம். உங்களுடையதில் கை சும்மா இருக்கிறது. ஸ்டீம் என்கிற இணைய கேம் கடையில் விற்பதாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இது வேறு மாதிரி கேம் என்று இருபதாவது நிமிடத்தில் தெரிந்துகொண்டவருக்கு அவகாசம் தாராளமாக இருக்கிறது.

மாற்றிய பிறகு, இதுவரை விளையாடாத ஒருவரை உட்கார வையுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. இது ரொம்பக் கஷ்டம், நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த ஒரு மணி நேரம் இதில் என்ன செய்வீர்கள் என்று நினைக்கிறீர்கள்?" நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "ஒளிந்து ஒளிந்து போகணும்போல" என்று பதில் வந்தால், இரண்டாவது லெவலை ஒரு எழுத்துகூட மாற்றாமல் அவர் முன் வையுங்கள்.