பதில்: பரப்பி வைத்தால் "நிறைய" என்கிறாள்

வணக்கம் டீச்சர். எட்டுப் புளியங்கொட்டையைச் சரியாக எண்ணும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, அதையே தள்ளித் தள்ளி வைத்தால் "இப்பதான் நிறைய" என்கிறாள், கணக்கே வராதோ என்று கேட்டிருந்தீங்க. பயப்படாதீங்க. ஏறக்குறைய ஏழு வயது வரை கண்ணுக்கு நீளமாகத் தெரிவதுதான் நிறைய என்று குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே எப்போதோ சொல்லிவிட்டார்.

ஆனால் கேட்கும் விதத்திலும் கோளாறு உண்டு. 1970களில் ஸ்காட்லாந்தில் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சம எண்ணிக்கையுள்ள ரெண்டு வரிசைகளில் ஒன்றை ஒரு குறும்புக்காரக் கரடிபொம்மை கலைத்துவிட்டதுபோல் காட்டினார்கள். நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் ரெண்டும் சமம்தான் என்று சரியாகச் சொன்னார்கள். டீச்சரே நகர்த்திவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், முதல் பதில் தப்பு என்றுதானே பிள்ளை நினைக்கும்? (நம்ம வகுப்பில் அதுதானே வழக்கம்!)

அதனால் கொட்டையை அவள் கையில் கொடுங்க. அவளே பரப்பட்டும், அவளே குவிக்கட்டும். "புதுசா ஏதாவது போட்டியா? எடுத்தியா?" என்று மட்டும் கேளுங்க. பக்கத்தில் கொஞ்சம் தேறிய பிள்ளை ஒன்று இருந்தால் பல்லாங்குழி ஆட விடுங்க. தன்னைவிடத் தெரிந்தவரின் துணையோடு பிள்ளை மேலே ஏறும் என்று உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னது இதைத்தான். கூட்டல் பாடத்தை இதற்காக நிறுத்த வேண்டாம். ரெண்டு மாசம் கழித்து எப்படி இருக்கிறாள் என்று எழுதுங்க.