பழகிய பாட்டே உரைகல்

வீட்டு ஆடியோ: வாசகர் கேள்வி – பதில்

ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கக் கடைக்குப் போனேன். போட்டுக் காட்டியதெல்லாம் பிரமாதம். விலையில் இரண்டு மடங்கு வித்தியாசம் உள்ள ஸ்பீக்கர்களுக்கு நடுவே காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அடுத்த முறை எந்தப் பாட்டைக் கொண்டு போகலாம்? (வாசகர், கோவை)

பிரமாதமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே பொறுக்கி எடுத்த பாட்டு அது. ஒரு பெண் குரல், ஒரு கிடார், நடுவே அளவாக ஒரு பேஸ்: இதை எந்த டப்பாவில் போட்டாலும் தேன் சொட்டும். எதில் போட்டாலும் நன்றாக இருக்கும் பதிவு எதையும் சோதிக்காது.

நீங்கள் நூறு தடவை கேட்ட பாட்டுகள்தான் வேண்டும். பாடகர் எங்கே மூச்சு எடுக்கிறார், இரண்டாவது சரணத்தில் தபலா எந்தப் பக்கம் வருகிறது என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். காரிலும் ஹெட்போனிலும் வீட்டிலும் கேட்டுப் பழகியிருந்தால் இன்னும் நல்லது. ஐந்தாறு போதும். ஒவ்வொன்றிலும் 40 முதல் 60 வினாடி வரை ஒரு துண்டு. ஒலியின் நுட்பம் நினைவில் சில வினாடிதான் நிற்கும். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு அடுத்த ஸ்பீக்கருக்குப் போனால் முதலில் கேட்டது கரைந்திருக்கும்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை கொடுங்கள். தனிக் குரலுக்கு ஒன்று, தாழ்ந்த ஒலிக்கு ஒன்று, ஜால்ரா போன்ற கூர்மைக்கு ஒன்று, எல்லா வாத்தியமும் சேர்ந்து முழங்கும் இடத்துக்கு ஒன்று, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் பழைய மோனோ பாட்டு ஒன்று. கூடவே, உங்களுக்கு உயிரான, ஆனால் மோசமாகப் பதிவான பாட்டு ஒன்றும் கட்டாயம். வாங்கியபின் வீட்டில் அதிகம் ஒலிக்கப்போவது அந்த மாதிரிப் பாட்டுகள்தான். அதைக் கேட்கவே முடியாமல் செய்யும் ஸ்பீக்கர் எத்தனை ‘துல்லியம்’ என்றாலும் உங்களுக்கு ஆகாது.

இதைவிட முக்கியம் வால்யூம். ஒரே ஒரு டெசிபல் கூடினால்கூட அது ‘சத்தம் அதிகம்’ என்று காதில் படாது, ‘தெளிவு அதிகம்’ என்றுதான் படும். ஒரே மின்சக்திக்கு 86 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கரையும் 89 தருவதையும் வால்யூமைத் தொடாமல் மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டாவதுதான் ஜெயிக்கும். போனில் ஒலி அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். பிங்க் நாய்ஸ் என்ற, மழை இரைச்சல் போன்ற ஒலிக் கோப்பை ஓட்டி, உட்காரும் இடத்தில் போனை வைத்து, இரண்டு ஜோடியும் அரை டெசிபலுக்குள் வரும்படி வால்யூமைச் சரி செய்யுங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஒப்பிட அது போதும்.

பாட்டுகளை சிடியிலிருந்து ஃப்ளாக் (ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும்) கோப்பாக எடுத்து யுஎஸ்பியில் கொண்டு போங்கள். ப்ளூடூத் வேண்டாம். பேஸ், ட்ரெபிள், லவுட்னஸ், சப்-வூஃபர் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கர்நாடக சங்கீதம் மட்டுமே கேட்பேன். ஆங்கிலப் பாட்டுகளைத்தான் சோதனைக்குச் சொல்கிறார்கள். ஒரு கச்சேரிப் பதிவில் எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகி, தஞ்சாவூர்)

கச்சேரியைவிடக் கடுமையான பரீட்சை அதிகம் இல்லை. தம்புராவிலிருந்து தொடங்குங்கள். தந்தியைத் தாங்கும் குதிரையின் வளைந்த பரப்பில் தந்தி உரசி உரசி எழுவதால், நடுவே ஜீவாளி நூல் சரியாக நின்றால், ஒரு தந்தியிலிருந்தே மேல் சுரங்கள் அடுக்கடுக்காக விரியும். மீட்டும் இடத்தைப் பொறுத்து வரவே கூடாத மேல் சுரங்களும் இதில் வருகின்றன என்று சர் சி.வி. ராமன் 1921-ல் எழுதினார். நல்ல ட்வீட்டரில் (மேல் ஒலி தரும் பகுதி) ஒவ்வொரு தந்தியும் மீட்டியபின் மெல்ல மலர்வது கேட்கும். மந்தமான ஸ்பீக்கரில் ஆர்மோனியச் சுதி மாதிரி தட்டையாகிவிடும். கூச்சலிடும் ஸ்பீக்கரில் ஈ மொய்ப்பது போல ஆகும். சுருதிப் பெட்டி வைத்துப் பாடிய பதிவு இதற்கு உதவாது. நிஜத் தம்புரா வேண்டும்.

ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு மத்திய ஸ்தாயி ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தரத் தந்தி அதில் பாதி, 65 ஹெர்ட்ஸ். நாலங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் கூம்பு) உள்ள சின்ன ஸ்பீக்கர் பெரும்பாலும் அந்த 65-ஐச் சரியாகத் தராது. ஆனாலும் மந்தரம் கேட்பதாகவே தோன்றும். மேல் சுரங்களை வைத்து மூளையே அடிச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும். பெரிய ஸ்பீக்கரில் அதே துண்டைக் கேட்டால்தான் எது விடுபட்டிருந்தது என்று புரியும்.

அடுத்து மிருதங்கம். வலந்தலையில் (வலக்கைப் பக்கம்) உள்ள கறுப்புச் சோறுதான் தோல் வாத்தியத்துக்குச் சுருதி சேரும் குணத்தைத் தருகிறது. இதையும் 1920-ல் ராமன் ‘நேச்சர்’ இதழில் விளக்கியிருக்கிறார். ஆகவே அங்கே சாப்பு என்ற அடி விழும்போது ‘டப்’ என்று கேட்கக் கூடாது. பாடகரின் ஷட்ஜத்தோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும். தொப்பியில் (இடக்கைப் பக்கம்) ரவைப் பசை தடவியிருப்பதால் ‘தொம்’ ஆழமாக வந்து, உடனே அடங்கும். தனி ஆவர்த்தனத்தின் கடைசிக் கோர்வையில் தொப்பி அடிகளை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். எண்ண முடிந்தால் ஸ்பீக்கர் தேறிவிட்டது. ‘பொம்ம்ம்’ என்று ஒரே மூட்டையாக வந்தால் பெட்டியோ அறையோ கூடச் சேர்ந்து வாசிக்கிறது. தொப்பியைக் கையால் அழுத்தித் தேய்த்துக் கும்கி கொடுக்கும்போது சுரம் வழுக்கி ஏறுவதும் தெளிவாகக் கேட்க வேண்டும்.

குரலில் இரண்டே இடம். ‘ஸ’, ‘ஷ’ வரும்போது காது கூசினால் மேல் ஒலி தூக்கல். ‘ம்’ என்று கார்வை கொடுக்கும்போது அண்டாவுக்குள் பாடுவது போல இருந்தால் மரப்பெட்டி அதிர்கிறது. விரல் மூட்டால் பக்கவாட்டில் தட்டிப் பாருங்கள், மண்பானை போல ஒலிக்கும்.

இன்னொன்று. வலக்கை மிருதங்கக்காரர் என்றால் மேடையில் அவர் பாடகருக்கு வலப்புறமும் வயலின் இடப்புறமும் அமர்வது வழக்கம். நமக்கு மிருதங்கம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம். பழனி சுப்பிரமணிய பிள்ளை போல இடக்கை வாசிப்பென்றால் இது மாறும். இரண்டு மைக்கில் பதிவான நேரடிக் கச்சேரியில் இதைச் சரிபார்க்கலாம். ஸ்டுடியோப் பதிவில் எஞ்சினியர் எங்கே வைத்தாரோ அங்கே.

ஆடியோ ரசிகர்கள் கொண்டாடும் வெளிநாட்டு ‘ரெஃபரன்ஸ்’ ஆல்பங்கள் தேவையா? (வாசகர், கொழும்பு)

தேவை என்றில்லை. இரண்டு மட்டும் வைத்துக்கொள்ளத் தகும். ‘எ மீட்டிங் பை தி ரிவர்’, 1993-ல் வந்தது: விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணையும் ரை கூடரின் ஸ்லைடு கிடாரும். கலிபோர்னியாவில் ஒரு தேவாலயத்தில், ஒரு ஜோடி வால்வு மைக்கை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்து அனலாக் டேப்பில் எடுத்தது. இரண்டும் தந்தி வாத்தியம், இரண்டிலும் இழைப்பு. எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் காட்ட முடிய வேண்டும். பின்னால் அந்தக் கட்டடத்தின் காற்றும் கேட்க வேண்டும். மற்றது ‘ஜாஸ் அட் தி பான்ஷாப்’, 1976 டிசம்பரில் ஸ்டாக்ஹோமின் ஸ்டாம்பன் கிளப்பில் எடுத்தது. கண்ணாடிக் குவளை மோதும் சத்தமும் பேச்சும் ஸ்பீக்கருக்கு வெளியே, மேசை மேசையாகப் பிரிந்து கேட்டால் சரி.

டெலார்க் 1979-ல் வெளியிட்ட சைக்கோவ்ஸ்கியின் ‘1812’ இசைத்தட்டை யாராவது நீட்டினால் வால்யூமைக் குறைத்துவிட்டு வாங்குங்கள். அதில் நிஜப் பீரங்கி. ஸ்பீக்கர் கெடலாம் என்ற எச்சரிக்கையோடுதான் வந்தது.

கடையில் அருமையாக இருந்த அதே ஸ்பீக்கர் வீட்டில் பேஸ் கிட்டார் வந்தாலே உறுமுகிறது. சில சுரம் மட்டும் காணாமலே போகிறது. அறை 10-க்கு 12 அடி, உயரம் 10, டைல்ஸ் தரை. (வாசகர், சேலம்)

உறுமுவது ஸ்பீக்கர் அல்ல, அறை. இரண்டு சுவருக்கு நடுவே ஒலி போய் வந்து தேங்கும் அலைவெண்ணை நீங்களே கணக்கிடலாம்: ஒலியின் வேகமான வினாடிக்கு 343 மீட்டரைச் சுவர் இடைவெளியின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56. உங்கள் அகலமும் உயரமும் ஒன்று என்பதால் 56-ல் இரண்டு சேர்ந்து குதிக்கின்றன. நாலு தந்தி பேஸ் கிட்டாரின் கீழ்ச் சுரம் 41 ஹெர்ட்ஸ், ஆகவே அது வாசிக்கும் இடமெல்லாம் இந்த வட்டாரம்தான்.

போனில் டோன் ஜெனரேட்டர் செயலியை ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயர்) இணைத்து, குறைந்த வால்யூமில் 30-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். எங்கே வீங்குகிறது, எங்கே மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 47-ல் நிறுத்திவிட்டு அறையின் நீளத்தில் நடங்கள். சுவரோரம் காது அடைக்கும், நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. நம்மில் பலர் சோபா போடுவது சுவரோரம்தான்!

12 அடிச் சுவர்வாக்கில், பின் சுவரிலிருந்து சுமார் நாலரை அடி தள்ளி உட்காருங்கள். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி முன்னே இழுங்கள்; மூலையிலிருந்து விலக்குங்கள். சப்-வூஃபர் இருந்தால் அதை உங்கள் நாற்காலியில் ஏற்றி வைத்து, பேஸ் சுரங்கள் ஏறி இறங்கும் பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடத்தில் அதை இறக்கி வையுங்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், வேலை செய்யும்.

திரைச்சீலையும் தரைவிரிப்பும் இந்த உறுமலைத் தொடாது. 47 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 24 அடி. மெல்லிய துணி அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் கை தட்டினால் ‘டிரிங்’ என்று எதிரொலிக்கிறதல்லவா, அந்த டைல்ஸ் கோளாறுக்கு விரிப்புதான் மருந்து. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே போடுங்கள்.

பாடகர் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்க மிதக்கிறது. பேஸும் சோகையாக இருக்கிறது. (வாசகர், புதுச்சேரி)

1960-களின் மோனோ திரைப்பாடல் ஒன்றைப் போடுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில், ஒரு ஆள் நிற்பது போலக் குரல் வர வேண்டும். வராவிட்டால் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு, கறுப்பு ஒயர் மாறியிருக்கிறது. ஆம்ப்பை அணைத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டிலும் மாற்றினால் பழையபடியேதான் இருக்கும். ஒயரில் நிறக்கோடு தெரியவில்லையா? ஆம்ப் முனையில் ஒயரைக் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். கூம்பு முன்னால் துள்ளினால் பேட்டரியின் ப்ளஸ் தொட்ட ஒயர்தான் சிவப்பு முனைக்குப் போகிறது.

எம்பி3-க்கும் ஃப்ளாக்குக்கும் வித்தியாசம் காட்டும் பாட்டு எது? (வாசகர், கோலாலம்பூர்)

எம்பி3-ஐ உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா வாத்தியமே இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டை வைத்துத்தான் தன் முறையைத் தீட்டினார். ஆரம்ப நிலையில் அந்தத் தனிக் குரல் கேட்கச் சகிக்காமல் போனதே காரணம்.

உங்கள் சேகரிப்பில் கைதட்டல், ஜால்ரா, கஞ்சிராவின் சலங்கை, கடம் வரும் இடங்களைத் தேடுங்கள். 128 கேபிபிஎஸ்ஸில் (வினாடிக்கு 128 கிலோபிட்) 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். கூர்மையான அடிக்குச் சற்று முன்பே ஒரு சலசலப்பு முளைக்கும். 320-க்குப் போனால் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. ‘எனக்குத் தெரியும்’ என்பவர் ஃபூபார் 2000 என்ற செயலியில் ஏபிஎக்ஸ் சோதனை (எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டுச் சொல்வது) செய்து, 10-ல் 9 சரியாகச் சொல்லட்டும். எம்பி3-ஐ மாற்றி ஃப்ளாக் என்று பெயரிட்ட கோப்புகளும் உலவுகின்றன. ஆடாசிட்டி செயலியில் ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியின் அலைவெண்களைக் காட்டும் படம்) பாருங்கள்: 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல் நின்றால் அது எம்பி3-தான்.

ஸ்பீக்கர் கேபிளைச் சோதிக்க ஏதாவது பாட்டு உண்டா? (வாசகர், மதுரை)

இல்லை. 5 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். போய் வரும் தூரத்துக்குச் சேர்த்து மின்தடை 0.07 ஓம், 8 ஓம் ஸ்பீக்கர் அதைக் கவனிக்காது.

பழைய ரெக்கார்டு ப்ளேயரைத் தூசி தட்டினேன். எந்தத் தட்டு, எந்தப் பாட்டு? (வாசகி, நாகர்கோவில்)

எல்பியில் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டு. வெளி விளிம்பில் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் பள்ளம் உள்விளிம்பில் 21 சென்டிமீட்டருக்குக் குறைந்துவிடும். அதே ஒலியைச் சின்ன இடத்தில் நெருக்கி எழுதியிருப்பார்கள். அங்கே ‘ஸ’ எச்சில் தெறிப்பது போலக் கேட்டால் முள்ளின் கோணமோ, அது தட்டை அழுத்தும் எடையோ தவறு. கார்ட்ரிட்ஜ் (முள் பொருத்திய பகுதி) தயாரிப்பாளர் சொன்ன எடையை, அது பெரும்பாலும் 1.5-க்கும் 2.5 கிராமுக்கும் நடுவே இருக்கும், சின்ன டிஜிட்டல் தராசில் வைத்து அளந்து வையுங்கள். எடை குறைந்தால் தட்டு பிழைக்கும் என்று நினைக்காதீர்கள். குறைந்த எடையில் முள் துள்ளி, பள்ளத்தின் சுவரை அதிகமாகச் சிதைக்கும்.

வேகத்துக்கு, சிடியாகவும் வைத்திருக்கும் கச்சேரித் தட்டு ஒன்றை எடுத்து இரண்டையும் சேர்த்து ஓட்டிச் சுருதி பாருங்கள். 33⅓-க்குப் பதில் 34 சுற்று ஓடினால் அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். தம்புரா பழகிய காது உடனே பிடிக்கும். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தட்டை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். 1959-ல் பதிவின்போது டேப் மெஷின் மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் திருப்பிப் போட்டபோது முதல் பக்கம் முழுக்கச் சற்று ஏறிய சுருதியில் அச்சானது. 1992 மறுவெளியீட்டில்தான் திருத்தினார்கள்.