கரு பச்சையாகத் தெரிந்தால் சமிக்ஞை வேலை செய்கிறது என்று அர்த்தமா?

கேள்வி: தாவரவியல் இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். ஒரு நெற்புரதத்திலுள்ள 20 அமினோ அமிலத் துண்டுதான் அதைக் கலத்தின் கருவுக்குள் கொண்டுபோகிறதா என்று பார்க்க, அத்துண்டை ஜீ.எஃப்.பீ. ஒளிர்புரதத்துடன் இணைத்து, அக்ரோபக்ரீரியம் என்ற பக்ரீரியா மூலம் புகையிலை இலைக்குள் செலுத்தினேன். கரு நன்றாக ஒளிர்ந்தது. ஆனால் துண்டிலுள்ள லைசின்களை அலனினாக மாற்றிய கட்டமைப்பிலும் கரு ஒளிர்கிறது, வெறும் ஜீ.எஃப்.பீ.யிலும் அப்படியே. சோதனை பிழைத்துவிட்டதா? சித்திரையில் செய்த தொகுதியில் ஒளிர்வே வரவில்லை. அது ஏன்?
– மாணவி, கொக்குவில்

பதில்: சோதனை பிழைக்கவில்லை. நீங்கள் பிடித்த ஜீ.எஃப்.பீ. சின்னது, அவ்வளவுதான். அதன் நிறை ஏறத்தாழ 27 கிலோடால்டன். உங்கள் துண்டையும் சேர்த்தால் 29, 30 வரும். ஏறத்தாழ 40 கிலோடால்டனுக்குக் கீழே உள்ள புரதங்கள் கருவுக்குள் அனுப்பும் எந்தச் சமிக்ஞையும் இல்லாமலே கருவுறையிலுள்ள துளை (கருத்துளை) வழியாக உள்ளே போகும், வெளியே வரும். ஆகவே உங்கள் மூன்று படங்களிலும் கரு பச்சையாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

கருத்துளையைக் காவலாளி நிற்கும் வாசலாகச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. அங்கே திறந்து மூடுகிற கதவு எதுவும் கிடையாது. ஏறத்தாழ 30 வகைப் புரதங்கள் பல பிரதிகளாகச் சேர்ந்து, எட்டு மடிப்புச் சமச்சீருடன் ஒரு வளையத்தைக் கட்டுகின்றன. அவற்றில் சிலவற்றின் நீண்ட, மடியாத இழைகள் வளையத்தின் நடுவே நெருக்கமாகக் கிடக்கின்றன. பினைல்அலனின், கிளைசின் என்ற அமினோ அமிலங்கள் சோடியாகத் திரும்பத் திரும்ப வரும் இழைகள் அவை. சிறிய மூலக்கூறு அவற்றுக்கிடையே புகுந்து போய்விடும். பருமன் கூடக்கூடப் போவது கடினமாகும். ஆனால் 40 என்பது கோடு கீறி நிறுத்துகிற எல்லையல்ல. 50, 60 கிலோடால்டன் புரதமும் மெதுவாகக் கசிந்து உள்ளே போகும். செலுத்தி இரண்டு மூன்று நாள் கழித்துப் படம் எடுக்கிற உங்களுக்கு இது முக்கியம். அவ்வளவு நேரம் போதும்.

பெரிய புரதம் தனியே போகாது, இம்போர்ட்டின் என்ற கடத்திப் புரதம் அதைக் கூட்டிக்கொண்டு போகும். இம்போர்ட்டின் அல்பா, புரதத்திலுள்ள நேரேற்றம் கொண்ட லைசின், ஆர்ஜினின் கொத்தைப் பிடிக்கும். இம்போர்ட்டின் பீற்றா அந்தச் சோடியைத் துளையின் இழைகளோடு ஒட்டி ஒட்டி நகர்த்தும். எஸ்.வி.40 வைரசின் பெரிய ரீ புரதத்தில் இந்தச் சமிக்ஞை ஏழே அமினோ அமிலங்கள்: புரோலின், லைசின், லைசின், லைசின், ஆர்ஜினின், லைசின், வேலின். இதில் இரண்டாவது லைசினை, அதாவது புரதத்தின் 128ஆம் இடத்தில் இருப்பதை, திரியோனினாக மாற்றினாலே புரதம் குழியவுருவில் தங்கிவிடுகிறது. 1984இலேயே காட்டப்பட்ட விடயம் இது. அந்தப் புரதம் 80 கிலோடால்டனுக்கு மேற்பட்டது என்பதைக் கவனியுங்கள். தானாகக் கசிந்து போக முடியாத அளவு பெரியது என்பதால்தான் ஒற்றை அமினோ அமில மாற்றமே அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

சக்தி எங்கே செலவாகிறது என்பதில் பலருக்கும் மயக்கம். துளையைக் கடக்கிற அந்த நகர்வுக்கு நேரடியாகச் சக்தி தேவையில்லை. திசையைத் தீர்மானிப்பது ரான் என்ற சிறிய புரதம். கருவுக்குள் அது பெரும்பாலும் ஜீ.ரீ.பீ. என்ற சக்தி மூலக்கூறுடனும், குழியவுருவில் அது உடைந்து மிஞ்சும் ஜீ.டீ.பீ.யுடனும் இருக்கும். ஏனென்றால் விலங்குக் கலங்களில் ஜீ.ரீ.பீ.யை ஏற்றிவிடும் ஆர்.சி.சி.1 நிறமூர்த்தங்களோடு ஒட்டியிருக்கிறது, ஜீ.ரீ.பீ.யை உடைக்கத் தூண்டும் புரதம் வெளியே இருக்கிறது. இம்போர்ட்டின் உள்ளே வந்ததும் ரான்-ஜீ.ரீ.பீ. அதைப் பிடித்துச் சரக்கை இறக்கிவிடும். இம்போர்ட்டினோடு சேர்ந்து வெளியே போன ரானில் ஜீ.ரீ.பீ. உடைபடும்போதுதான் செலவு நடக்கிறது. சமிக்ஞை உள்ள புரதம் கருவுக்குள் குவிவதும், சமிக்ஞை இல்லாத சிறிய புரதம் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக நிற்பதும் இதனால்தான். நீங்கள் தேட வேண்டியது அந்தக் குவிவைத்தான். கரு ஒளிர்கிறதா என்று மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது.

சரி, இனிச் செய்ய வேண்டியது. ஒளிர்புரதத்தைப் பெரிதாக்குங்கள். ஜீ.எஃப்.பீ.யோடு பீற்றா-குளுக்குரொனிடேசை (ஏறத்தாழ 68 கிலோடால்டன்) இணைத்தால் மொத்தம் 95 வரும். தாவரக் கலங்களில் நன்கு பழகிய வழி இது. மூன்று ஜீ.எஃப்.பீ.யை வரிசையாகக் கோத்தும் செய்யலாம், ஆனால் ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப வைப்பதால் குளோனிங் தலையிடி தரும். இந்தப் பெரிய புரதம் தனியாக, உங்கள் துண்டுடன், லைசின் மாற்றிய விகாரத் துண்டுடன், எஸ்.வி.40 சமிக்ஞையுடன் என நான்கு கட்டமைப்புகள் வேண்டும். கடைசியானதை விட்டுவிடாதீர்கள். உங்கள் துண்டு வேலை செய்யாமல் போனால், குறை துண்டிலா சோதனையிலா என்று சொல்ல அதுதான் இருக்கிறது.

அப்புறம், புரதம் உடைந்து வெறும் ஜீ.எஃப்.பீ. உதிர்ந்திருக்கிறதா என்று புரதங்களைப் பருமன்படி பிரித்துக் காட்டும் வெஸ்ரேர்ண் புளொட்டில் பாருங்கள். 27 கிலோடால்டனில் தடித்த பட்டை நின்றால், படத்தில் கருவுக்குள் தெரிகிற பச்சை எதனுடையது என்று யாரும் சொல்ல முடியாது.

படத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிட வேண்டாம். இலை மேற்றோல் கலத்தில் புன்வெற்றிடம் இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்ள, குழியவுரு ஓரத்தில் மெல்லிய படலமாக ஒட்டிக்கிடக்கும். கருவைச் சுற்றி மட்டும் கொஞ்சம் தடித்திருக்கும். மேலிருந்து பார்த்தால் அந்தத் தடிப்பும் கருபோலவே ஏமாற்றும். டீ.என்.ஏ.யில் ஒட்டிக் கருவைக் காட்டும் டாபி சாயமிட்டு, கருவின் நடுவே ஒரு தளத்தில் படம் எடுங்கள். எல்லாக் கட்டமைப்புக்கும் ஒரே லேசர், ஒரே உணரி அமைப்பு. கருவுக்குள்ளும் குழியவுருவிலும் ஒரே அளவு வட்டம் கீறி, பின்னணியைக் கழித்து, விகிதத்தை எழுதுங்கள். சாயமிடக் கைபழகச் சின்ன வெங்காயம் நல்லது. செதிலின் உட்பக்க மேற்றோலை உரியுங்கள். அதில் சிவப்பு நிறமும் இல்லை, பச்சையவுருமணியும் இல்லை.

பெரிய புரதத்தோடு உங்கள் துண்டு குவிந்தால், அது போதுமான சமிக்ஞை என்று எழுதலாம். அது அவசியமா என்பது வேறு கேள்வி. அதற்கு முழு நெற்புரதத்திலேயே அந்த லைசின்களை மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் அது கருவுக்குள் போனால் பயப்பட வேண்டாம். இன்னொரு சமிக்ஞை இருக்கலாம், அல்லது கருவுக்குள் போகிற வேறொரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

சித்திரைத் தொகுதிக்கு வெக்கையைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அக்ரோபக்ரீரியம் 28 பாகையில் நன்றாக வளரும், ஆனால் டீ.என்.ஏ.யைத் தாவரத்துக்குக் கடத்தும் அதன் பொறி அதற்கு மேல் தளர்ந்துவிடும். சித்திரையில் இங்கே திறந்த வலைவீட்டில் அதைவிடக் குறைந்த பகல் வெப்பம் எங்கே கிடைக்கும்? செலுத்திய செடிகளை 22 முதல் 25 பாகை வரையான அறையில் வையுங்கள். தோட்டத்துப் புகையிலைக் கன்றைப் பாவித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அந்த இலை தடிப்பு, ஊசியில்லாச் சிரிஞ்சால் தள்ளினாலும் கரைசல் விரல் நுனியளவுக்கு மேல் பரவாது. புகையிலையின் உறவுச் செடியான நிக்கோட்டியானா பெந்தாமியானா இலையில் அதே கரைசல் ஈரத்திட்டாக அகலப் படர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.