செத்துப்போன பாட்டிக்கு அங்கே பசிக்காதா என்று நாலு வயது மகள் கேட்கிறாள். இது இயல்பா? என்ன சொல்வது?

முழுக்க இயல்பு. 2004இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜெஸ்ஸி பெரிங்கும் டேவிட் பிஜார்க்லண்டும் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்கு ஒரு பொம்மலாட்டம் காட்டினார்கள். குட்டி எலியை முதலை தின்றுவிடும். அப்புறம் கேள்விகள்: எலி இனிச் சாப்பிட வேண்டுமா? மூளை வேலை செய்யுமா? அம்மா மேல் பாசம் இருக்குமா? சாப்பாடு தேவையில்லை என்று ஒப்புக்கொண்ட பொடிசுகளில் பலர், பாசம் மட்டும் அப்படியே இருக்கும் என்றார்கள். வளர வளர இந்தப் பதில் குறைந்தது.

போனவர் திரும்ப மாட்டார், உடம்பு நின்றுவிடும் என்பதெல்லாம் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் புரிபடும். அதோடு, திதியன்று இலை போட்டு, பாட்டிக்குப் பிடித்த வடையை வைத்து, "கா கா" என்று காக்காயைக் கூப்பிடுவது நாம்தானே? அதைப் பார்க்கிற பிள்ளை பசியைப் பற்றிக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். (அமாவாசைக்கு அமாவாசைதான் பசிக்குமா என்று அடுத்து கேட்பாள், தயாராக இருங்கள்.)

"தூங்குறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளைகள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். தூங்கப் பயப்படும், இல்லையென்றால் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். "பாட்டி செத்துட்டாங்க, உடம்பு வேலை செய்யல. அதனால பசிக்காது, வலிக்காது. சாமிகிட்ட இருக்காங்கன்னு நாம நம்புறோம்" என்பது போதும். நாளைக்கும் இதையே கேட்டால், இதே பதிலைச் சலிக்காமல் சொல்லுங்கள்.