டிசம்பர் 26: கொடியும் மௌனமும் – வாசகர் கேள்வி பதில்

ஆழிப்பேரலை நினைவுநாளை ஒட்டி முன்னாள் படைவீரர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

2004 சுனாமி மீட்புப் பணியில் இருந்தவர்கள் எங்கள் சங்கத்தில் பலர். டிசம்பர் 26 அன்று சங்க வாசலில் தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடலாமா?
– முன்னாள் ஹவில்தார், நாகப்பட்டினம் மாவட்டம்

கூடாது. உங்கள் மனசு புரிகிறது, ஆனாலும் கூடாது. அரசு உத்தரவின்படி பொதுக் கட்டடங்களில் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும் நாட்களைத் தவிர, வேறு நாளில் யார் அப்படிப் பறக்கவிட்டாலும் அது 1971-ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி கொடியை அவமதித்த செயல். மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். நினைவுநாள் என்பது மட்டும் காரணமாகாது.

கொடியை உச்சியில் பறக்கவிடத் தடையில்லை. துக்கத்தைக் கொடிமரத்தில்தான் காட்ட வேண்டும் என்றால் தனிக் கம்பத்தில் சங்கக் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்குங்கள். அந்தக் கம்பம் தேசியக் கொடியைவிட உயரமாக இருக்கக் கூடாது.

அரசே உத்தரவிடும் நாளில் எப்படிச் செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறோம், பலரும் தவறுவது இங்கேதான். கொடியை நேராகப் பாதிக்கு ஏற்றி நிறுத்தக் கூடாது. முதலில் விறுவிறுவென உச்சி வரை ஏற்றி, பிறகே பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் மறுபடி உச்சிக்குப் போய்விட்டுத்தான் கீழே வர வேண்டும். கம்பத்துக்குத் தாங்குகயிறு கட்டியிருந்தால், கம்ப உச்சிக்கும் அந்தக் கயிற்றுக்கும் நடுவில் கொடி நிற்கும். கயிறு இல்லையென்றால் கம்பத்தின் பாதி. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் பாதி எது என்று கண் ஏமாற்றும். ஒத்திகையின்போதே கொடிக்கயிற்றில் சிவப்பு நூல் சுற்றி அடையாளம் வைத்துவிட்டால், ஏற்றுகிறவர் கை அந்த இடத்தில் நிற்கும்.

நினைவுக்கல் திறப்பதாக இருந்தால் இன்னொன்று: கல்லைத் தேசியக் கொடியால் மூடாதீர்கள், அதையும் சட்டம் தடுக்கிறது. வெள்ளைத் துணி போதும்.

இரண்டு நிமிட மௌனம் ஒவ்வோர் ஆண்டும் குழப்பத்திலேயே முடிகிறது. சரியான முறை என்ன?
– முன்னாள் நாயக், கன்னியாகுமரி மாவட்டம்

பட்டாளத்து ஒழுங்கு எளிது: மலர்வளையம், லாஸ்ட் போஸ்ட் (பியூகிள் எனும் ஊதுகொம்பில் வாசிக்கும் அஞ்சலி இசை), மௌனம், ரௌஸ் (மௌனம் முடிந்ததும் வாசிக்கும் பியூகிள் இசை). எதை எதனால் தொடங்குவது, எதனால் முடிப்பது என்று தெளிவாக இருந்தால் குழப்பம் வராது. மௌனத்தை வாய்வார்த்தையால் தொடங்கினால் பின்வரிசைக்குக் கேட்காது. 'நன்றி, அமரலாம்' என்று மைக்கில் முடித்தால் கேட்கவே வேண்டாம், அதுவரை நின்ற நிலை சிதறிப் போகும். பியூகிள் ஒலியோ சங்கொலியோ (சைரன்) மௌனத்தின் இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜனவரி 30 தியாகிகள் தினத்துக்கு அரசு வகுத்த ஏற்பாட்டைப் பாருங்கள்: 10:59 முதல் 11:00 வரை சங்கு, 11:02 வரை மௌனம், 11:02 முதல் 11:03 வரை மீண்டும் சங்கு. இதையே அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நேரம் பார்க்க ஒரே ஆளை, கையில் ஸ்டாப்வாட்சுடன், பியூகிள் வாசிப்பவர் கண்ணில் படும்படி நிறுத்துங்கள். சிறப்பு விருந்தினரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டாம். மௌனத்தில் நிற்பவருக்கு நாற்பது விநாடியே இரண்டு நிமிடம் போலத் தோன்றும்.

பியூகிளில் விரலால் அழுத்தும் வால்வு கிடையாது, சுரம் முழுக்க உதட்டில்தான். உதடு பழகாமல் வாசித்தால் முதல் மேல்சுரமே பிசிறும். பத்து நிமிடம் முன்பே, கூட்டத்துக்குக் கேட்காத தூரத்தில் ஊதிப் பழகிவிட்டு வரச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காமல் பதிவை ஒலிக்கவிடுவதானால் முழுப் பதிவையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். லாஸ்ட் போஸ்டையும் ரௌஸையும் ஒரே கோப்பில் வைத்து நடுவிலுள்ள மௌனத்தைச் சுருக்கிய பதிவுகள் உண்டு; அதை நம்பினால் முப்பதாவது விநாடியில் ரௌஸ் கிளம்பிவிடும். இரண்டு தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பதிவை ஒலிக்கவிடும் செல்போன் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும்.

சீருடையில் இருப்பவர் சல்யூட் அடிப்பார். சாதாரண உடையில் வரும் நீங்கள் சாவதானில் (அசையாமல் நிமிர்ந்து) நின்றால் போதும். உங்கள் பதக்கங்களை இடது மார்பில் அணியலாம்.

பள்ளியில் சுனாமி பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் எதைச் சொல்வது?
– முன்னாள் கடற்படை வீரர், சென்னை

உடல்களைப் பற்றிய வர்ணனை வேண்டாம். அதை நீங்கள் சுமப்பது போதும்.

நேரத்திலிருந்து தொடங்குங்கள். இந்திய நேரம் காலை 6:28-ஐத் தாண்டியதும் சுமத்ரா அருகே கடலடியில் நிலநடுக்கம். தமிழகக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் நம் கரைக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை, அன்று இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பே இல்லை. ஹைதராபாத் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-இல்தான் வந்தது. இதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு நிகோபார் தீவுகளில் ஒன்றான கார் நிகோபார். அங்கே விமானப் படைத் தளத்தில் வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். உதவ வேண்டியவர்களே பாதிக்கப்பட்டவர்கள் ஆனார்கள். அந்தமான் நிகோபாருக்கு 'ஆபரேஷன் சீ வேவ்', தமிழகம், ஆந்திரக் கரைக்கு 'மதத்', இலங்கைக்கு 'ரெயின்போ', மாலத்தீவுக்கு 'கேஸ்டர்', இந்தோனேசியாவுக்கு 'கம்பீர்' என ஒரே நேரத்தில் இந்தியப் படைகளின் ஐந்து மீட்புப் பணிகள் நடந்தன. கரும்பலகையில் வரைபடம் போட்டு, ஒவ்வொரு பெயரையும் அதனதன் கரையில் எழுதுங்கள்.

நீங்கள் கண்டதையும் கேள்விப்பட்டதையும் பேச்சில் பிரித்தே சொல்லுங்கள். எந்தப் பிள்ளையாவது 'நீங்க அழுதீங்களா?' என்று கேட்கும், கேட்காமல் இருக்காது. உண்மையைச் சொல்லுங்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள்: கடல் திடீரென உள்வாங்கினால் மீன் பொறுக்க ஓடக் கூடாது, மேட்டுக்கு ஓட வேண்டும். நிலம் பலமாக, நெடுநேரம் ஆடினால் எச்சரிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். முதல் அலை போனதும் வீட்டுக்குத் திரும்பாதீர்கள், அடுத்தது அதைவிடப் பெரியதாக இருக்கலாம். பள்ளிக்கு அருகில் உயரமான இடம் எது என்று பிள்ளைகளிடமே கேட்டு, நடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று அன்றே அவர்களோடு நடந்து பாருங்கள்.