டிக்கெட் போடாவிட்டாலும் அனுமதி வேண்டும்

கேள்வி: டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் மாதர் குழு ஒரு சனிக்கிழமை மாலை மண்டபத்தில் படம் காட்டி, அதன்பிறகு சுகர்ஸ் என்கிற ஹெராயின் கலப்புப் போதையைப் பற்றி ஊராரோடு உட்கார்ந்து பேச நினைக்கிறது. 80 பேர் வரலாம். நுழைவு இலவசம் என்பதால் அனுமதி எதுவும் தேவையில்லை என்கிறார்கள் சிலர். இன்னொருவர், 3,500 ராண்ட் கொடுத்தால் 'லைசென்ஸ் லெட்டர்' வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அதற்காக, அனுமதியே வேண்டாம் என்பவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள்.

தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படத்தைப் பொதுவில் காட்டும் உரிமை அந்தப் படத்தின் உரிமையாளருடையது. நீங்கள் காசு வாங்கினீர்களா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. வீட்டில் பிள்ளைகளோடு பார்ப்பது வேறு. கோயில் வாசலில் நோட்டீஸ் ஒட்டி ஊரைக் கூப்பிட்டால் அது பொது. கடையில் வாங்கிய டிவிடி, மாதச் சந்தா கட்டும் தளம், யூடியூபில் கிடக்கும் படம் எல்லாம் வீட்டளவில் பார்க்கத்தான். மண்டபத்துக்கு ஏற்கெனவே இசை லைசென்ஸ் இருந்தாலும் அது பாட்டுக்கு மட்டுமே, படத்துக்கு ஆகாது.

அந்த லெட்டர்காரர் மறுபடியும் வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "படத்தின் உரிமையாளர் உங்களுக்குக் கொடுத்த தாளைக் காட்டுங்கள்." அவர் கையெழுத்துப் போட்ட தாள் அல்ல, அவருக்கு வந்த தாள். அதில் படத்தின் பெயர், 'தென்னாப்பிரிக்கா', 'பொதுத் திரையிடல்' மூன்றும் இருக்க வேண்டும். தமிழ்ப் படங்களின் உரிமை துண்டு துண்டாக விற்கப்படுவது: தியேட்டருக்கு ஒருவர், டிவிக்கு ஒருவர், இணையத்துக்கு ஒருவர், வெளிநாட்டுக்கு இன்னொருவர். டர்பன் தியேட்டரில் அந்தப் படத்தை ஓட்டியவரிடம்கூட மண்டபத்தில் காட்டும் உரிமை இல்லாமல் போகலாம். மலேசியாவுக்குக் கொடுத்த தாளின் நகலை வைத்துக்கொண்டு இங்கே பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். "வருடத்துக்கு ஒரே லைசென்ஸ், எல்லாப் படமும் காட்டலாம்" என்பது இன்னொரு வலை. அப்படி ஒரு வகை லைசென்ஸ் உண்மையிலேயே உண்டு. ஆனால் அதில் சேர்ந்திருக்கும் தயாரிப்பாளர்களின் படங்களுக்கு மட்டும்தான் அது செல்லும். உங்கள் படம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ராண்டும் நீட்டாதீர்கள். தனிநபர் கணக்கில் பணம் போடவே கூடாது.

நேர்வழி எளிது. உங்கள் காரியத்துக்கு ஆவணப்படமே நல்லது. படம் முடிந்து ஓடும் பெயர்களில் தயாரிப்பாளரையும் இயக்குநரையும் பிடித்து நேரே மின்னஞ்சல் எழுதுங்கள்: எந்த மண்டபம், எந்தத் தேதி, எத்தனை பேர், நுழைவு இலவசம், ஒரே காட்சி, பிறகு கலந்துரையாடல். எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் சொன்ன "சரி" நாளைக்கு உதவாது. ஆறு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். ஆவணப்படம் எடுப்பவர்கள் ஊர் பார்க்க வேண்டும் என்றுதான் எடுக்கிறார்கள். கேட்டால் இலவசமாகவோ சிறு தொகைக்கோ கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

ஒரு விலக்கு உண்டு, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்த ஆவணப்படங்களில் சிலவற்றுக்கு மட்டும் கல்வித் திரையிடல் அனுமதி தருகிறது. அந்தப் படத்தின் விவரப் பக்கத்தில் அந்த அனுமதி எழுதியிருக்க வேண்டும்; இல்லையென்றால் இல்லைதான். சந்தாதாரர் ஒருவரின் கணக்கிலிருந்துதான் ஓட்ட வேண்டும். ஒரே காட்சி, மத்தியானம் பெண்களுக்கு, சாயங்காலம் ஆண்களுக்கு என்று பிரிக்க முடியாது. நோட்டீஸில் அவர்கள் முத்திரையைப் போடக் கூடாது. கட்டணம், விளம்பரம், ஸ்பான்சர் எதுவும் கூடாது. நன்கொடையும் கேட்கக் கூடாது. கோயில்கள் இடறுவது இந்த நன்கொடை விஷயத்தில்தான். மண்டப வாசலில் எப்போதும் இருக்கிற உண்டியலை அன்று மாலை உள்ளே எடுத்து வையுங்கள். பக்கத்துக் கடைக்காரர் தண்ணீர் பாட்டில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அவர் பேனரைக் கட்டாதீர்கள்.

வயது வகைப்பாட்டையும் பாருங்கள். 13, 16 என்று குறியிட்ட படத்துக்கு அந்த வயதுக்குக் கீழுள்ள பிள்ளையை அம்மா கையைப் பிடித்துக் கூட்டி வந்தாலும் உள்ளே விடக் கூடாது. வகைப்பாடே ஆகாத படம் என்றால் திரைப்பட, வெளியீட்டு வாரியத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். தியேட்டர் நடத்தும் கம்பெனியை மனதில் வைத்து எழுதிய சட்டத்தையே 80 நாற்காலி போட்ட கோயில் மண்டபமும் சுமக்க வேண்டியிருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவைக் குடியரசுத் தலைவர் 2020இல் நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். 2024இல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஊருக்கு நல்லது செய்ய நினைப்பவர்களை எத்தனை வருடம் இப்படிக் காக்க வைப்பது?

மண்டபத்தில் மூன்று மீட்டர் அகலத் திரையும் 3,500 லூமென் வெளிச்சமுள்ள புரொஜெக்டரும் 80 பேருக்குப் போதும், இருட்டு இருந்தால். ஜூன், ஜூலையில் டர்பனில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். டிசம்பரில் ஏழரை வரை காத்திருக்க வேண்டும். திரையின் அடி விளிம்பு தரையிலிருந்து 1.3 மீட்டராவது உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைக்கும். தமிழ் புரியாத பிள்ளைகளுக்கு அதுதானே படம். தகரக் கூரையும் டைல்ஸ் தரையும் சத்தத்தை எதிரொலிக்கும். புரொஜெக்டரின் சொந்த ஸ்பீக்கரை நம்பாமல், இரண்டு ஸ்பீக்கரை ஸ்டாண்டில் காது உயரத்துக்கு வைத்து, சுவர்களில் கனத்த துணி தொங்கவிடுங்கள். சந்தாத் தளத்துப் படத்தைப் பழைய கேபிளில் அனுப்பினால் நகல் தடுப்புப் பூட்டு விழுந்து திரை கறுப்பாக நின்றுவிடலாம். வெள்ளிக்கிழமையே, அதே லேப்டாப், அதே கேபிளோடு ஓட்டிப் பாருங்கள். கரண்ட் திடீரென்று போனால் விசிறி நின்று புரொஜெக்டர் விளக்கு கெடும். சிறு யுபிஎஸ் ஒன்று இருக்கட்டும்.

படம் 50 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முடிந்ததும் டீ கொடுத்துவிடாதீர்கள், பாதிக் கூட்டம் கப்போடு கார் பக்கம் போய்விடும். விளக்கைப் போட்டு, நாற்காலிகளை எட்டெட்டுப் பேராகத் திருப்பிப் பேசத் தொடங்குங்கள், டீ கடைசியில். "உங்கள் வீட்டில் யாராவது உண்டா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். "மகன் காசு கேட்டபோது அந்த அம்மா ஏன் கொடுத்தாள்?" என்பது போலப் படத்திலிருந்தே கேளுங்கள். அம்மாவைப் பற்றிப் பேசும் சாக்கில் தன் வீட்டைச் சொல்வார்கள். போனில் படம் பிடிக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பேச்சு கிளம்பினால் அன்று இரவே யாராவது உதவி கேட்பார்கள். ஒரு சமூகப் பணியாளரைப் பக்கத்து அறையில் உட்கார வையுங்கள். போதை உதவி எண் 0800 12 13 14, நாள் முழுதும் இலவசம். அதைப் பெரிதாக எழுதிக் கழிவறைக் கதவுகளின் உள்பக்கம் ஒட்டுங்கள். மேடையருகே ஒட்டினால் ஊர் பார்க்க எழுந்து போய் யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.